பழைய ஃபோர்ட்ரான் நிரலுக்கு எந்தக் கம்பைலர்? பழகித் தெரிந்துகொண்டவை

அறிவியல் கணக்குகளுக்கான பழைய நிரல்மொழி ஃபோர்ட்ரான், அதில் எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தருவது கம்பைலர். ஃபோர்ட்ரானுக்கு எந்தக் கம்பைலர் நல்லது என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எது வேகமானது என்பதைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். யாரோ எப்போதோ எழுதிய நிரலை வைத்துக்கொண்டு இன்று வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. இந்தக் கம்பைலர் என் நிரலுக்குள் ஒளிந்திருக்கும் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்குமா, இன்னொரு கம்பைலரில் ஓட்டினாலும் இதே விடை வருமா, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம். அதனால் எந்தக் கம்பைலர் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, குறைந்தது இரண்டு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஏன் என்பதை என் வேலையை வைத்தே சொல்கிறேன்.

என் கையில் இருப்பது, கடலோரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்று கணக்கிடும் நிரல். அடித்தளம் ஃபோர்ட்ரான் 77. எல்லாம் பெரிய எழுத்து, காமன் பிளாக் (பல பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் மாறித் தொகுப்பு) நிறைய, ஆறு எழுத்துக்குள் அடைக்கப்பட்ட பெயர்கள். பிறகு வந்தவர்கள் 90 பாணியில் மாட்யூல்களைச் சேர்த்தார்கள், அதற்கும் பின்னால் வந்தவர், வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்களாகப் பிரிக்கும் ஓபன்எம்பி போட்டார். இதைப் பைத்தானில் திருப்பி எழுதிவிடலாமே என்று அடிக்கடி யாராவது கேட்பார்கள். எழுதலாம்தான். ஆனால் இந்த நிரலின் விடைகளைப் பல வருடங்களாகக் கிணற்று அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், அந்த நம்பிக்கையைத் திருப்பி எழுதும்போது கூடவே எடுத்துக்கொண்டு போக முடியாது. பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும்போது உள்ளே வேலை செய்யும் லாபேக் நூலகமே ஃபோர்ட்ரானில் பிறந்ததுதான். வானிலைக் கணிப்புக்கு உலகம் முழுக்க ஓடும் டபிள்யூஆர்எஃப் அப்படித்தான், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மோட்ஃபுளோ 6-ம் அப்படித்தான். மொழியும் நின்றுவிடவில்லை, கடைசியாக வந்த தரநிலை ஃபோர்ட்ரான் 2023.

சரி, இன்றைக்கு என்னென்ன கிடைக்கிறது? ஜிஃபோர்ட்ரான் எல்லோருக்கும் தெரிந்தது. குனு கம்பைலர் தொகுப்பான ஜிசிசி 4.0-உடன் 2005-இல் பழைய ஜி77-இன் இடத்துக்கு வந்தது, இலவசம், உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடும், மேக்கில் ஹோம்புரூவில் ஜிசிசியைப் போட்டால் கூடவே வந்துவிடும், விண்டோஸில் எம்சிஸ்2 வழியாகவோ டபிள்யூஎஸ்எல் வழியாகவோ போடலாம். இன்டெலின் கம்பைலர் ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது, 2020 இறுதியிலிருந்து ஒன்ஏபிஐ என்ற பெயரில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஐஃபோர்ட்டை இன்டெல் நிறுத்திவிட்டது, 2025 வெளியீட்டில் அது கிடையாது, இப்போது இருப்பது எல்எல்விஎம் என்ற பொதுக் கம்பைலர் அடித்தளத்தின் மேல் கட்டிய ஐஎஃப்எக்ஸ் மட்டும்தான். பழைய மேக்ஃபைல்களில் (எப்படிக் கம்பைல் செய்வது என்று எழுதி வைக்கும் ஃபைல்கள்) ஐஃபோர்ட் என்று இருக்கும் இடத்தில் பெயரை மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும், ஏனென்றால் கம்பைல் கட்டளையோடு கொடுக்கும் ஆப்ஷன்கள் ஏறக்குறைய அதேதான். விடைகள் கடைசி இலக்கம் வரை அதேதானா என்பதை மட்டும் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என்விடியாவின் என்விஃபோர்ட்ரான், முன்பு பிஜிஐ என்று இருந்தது. ஜிபியூவில் ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். என்ஏஜி காசு கொடுத்து வாங்குவது, வேகத்துக்குப் பெயர் போனதல்ல, சோதனைக்குப் பெயர் போனது. அப்புறம் எல்எல்விஎம்மின் ஃபிளாங். ஃபிளாங்-நியூ என்று தற்காலிகப் பெயரோடு இருந்தது, 2025-இல் எல்எல்விஎம் 20-உடன்தான் ஃபிளாங் என்ற பெயருக்கு உயர்ந்தது. அதே பெயரில் இதற்கு முன் வேறொரு கம்பைலரும் இருந்ததால் பழைய குறிப்புகளைப் படிக்கும்போது எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நிரலின் பூர்வீகம் முக்கியம். விண்டோஸில் டிஜிட்டல் விஷுவல் ஃபோர்ட்ரானிலோ காம்பேக் விஷுவல் ஃபோர்ட்ரானிலோ வளர்ந்த நிரல் என்றால் இன்டெலோடு தொடங்குங்கள், அந்தக் கம்பைலரின் நேரடி வாரிசு இன்டெலுடையதுதான், டிஇசி (டிஜிட்டல் நிறுவனம்) காலத்து நீட்டிப்புகளை முனகாமல் ஏற்றுக்கொள்ளும். ஜிஃபோர்ட்ரானிலும் ‘-எஃப்டிஇசி’ என்று ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரக்சர், ரெக்கார்ட் போன்றவற்றை அது ஏற்கும், ஆனால் என்கோட், டிகோட் வரிகள் இருந்தால் நீங்களே உள் ஃபைல் எழுத்தாக மாற்றத்தான் வேண்டும். யூனிக்ஸ் பக்கம் வளர்ந்தது என்றால் ஜிஃபோர்ட்ரானிலேயே தொடங்கலாம்.

இப்போது பழைய நிரலைப் புதிய கம்பைலரில் போட்டால் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் 72-ஆம் பத்தி. பழைய வடிவத்தில் ஒரு வரியின் முதல் ஐந்து பத்திகள் லேபிளுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, 7 முதல் 72 வரை நிரல், அதற்குப் பின்னால் இருப்பதைக் கம்பைலர் பார்க்காது. 1957-இல் முதல் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஓடிய ஐபிஎம் 704-இன் கார்டு ரீடர், 80 பத்தி கொண்ட கார்டில் 72 பத்திகளைத்தான் வாசித்தது, அங்கிருந்து வந்த வழக்கம் இது. நாங்கள் பார்த்த வரி ஒன்றில், பக்கத்து நான்கு முனைகளின் கூட்டுத்தொகையை 0.25 ஆல் பெருக்கும் இடம், அந்த 5 சரியாக 73-ஆம் பத்தியில் உட்கார்ந்திருந்தது. முன்பு இந்த நிரல் ஓடிய கணினியில் வரியை 132 பத்தி வரை நீட்டும் ஆப்ஷன் போடப்பட்டிருந்தது, புதிய கணினிக்கு வந்த மேக்ஃபைலில் அது இல்லை. ஆக, கம்பைலர் படித்தது 0.2. இலக்கண ரீதியாக அதில் ஒரு குறையும் இல்லை, அதனால் எரர் வராது, நிரல் ஓடும், ஒரு படமும் வரும், உப்பு எல்லைக்கோடு மட்டும் கொஞ்சம் வேறு இடத்தில் நிற்கும். ‘-டபிள்யூஆல்’ போட்டதும் வரி வெட்டப்பட்டது என்று ஜிஃபோர்ட்ரான் அந்த வரி எண்ணோடு சொல்லிவிட்டது. பழைய வடிவத்தில் இந்த எச்சரிக்கை தானாக வராது, கேட்டால்தான் வரும். அதனால் எந்த நிரலைக் கையில் வாங்கினாலும் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஒருமுறை கம்பைல் செய்து, வரும் நீண்ட பட்டியலைப் பொறுமையாக முழுவதும் படித்துவிடுங்கள். அதில் நூற்றுக்கணக்கில் பயன்படுத்தப்படாத மாறி என்று வரும், அதையெல்லாம் ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில்தான் தங்கம் இருக்கிறது.

அடுத்தது, நினைவில் வைத்துக்கொள்ளும் மாறிகள். ஒரு சப்ரூட்டீனுக்குள் (பெயர் சொல்லி அழைக்கும் துணை நிரல்) இருக்கும் உள்மாறி, அடுத்த முறை அதை அழைக்கும்போதும் தன் பழைய மதிப்போடு இருக்க வேண்டுமென்றால் சேவ் என்று அறிவிக்க வேண்டும், 77 தரநிலையிலேயே இது உண்டு. ஆனால் அன்றைய கம்பைலர்கள் பல எல்லா மாறிகளுக்கும் நிலையான இடத்தையே கொடுத்தன, சேவ் இல்லாமலே மதிப்பு தங்கிவிடும், எழுதியவருக்கும் அது வேலை செய்தது. எங்கள் நிரலில் கால அடியைக் கூட்டிக் குறைக்கும் சப்ரூட்டீன் முந்தைய அடியின் அளவை இப்படித்தான் நினைவில் வைத்திருந்தது. இன்றைய கம்பைலர்கள் அந்த மாறியை ஸ்டாக்கிலோ (அழைப்பு முடிந்ததும் விடுவிக்கப்படும் தற்காலிக நினைவகம்) ரெஜிஸ்டரிலோ வைக்கும். அதனால் ஆப்டிமைசேஷன் இல்லாத ‘-ஓ0’-இல் சரியாக ஓடுவது போலத் தோன்றி, வேகத்துக்காக நிரலை மாற்றியமைக்கும் ‘-ஓ2’-இல் கண்டபடி போகும். ஆப்டிமைசேஷன் போட்டால் நிரல் கெட்டுப்போகிறது, கம்பைலரில் பிழை இருக்கிறது என்று மக்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த வகைதான். உடனடி முதலுதவிக்கு ஜிஃபோர்ட்ரானில் ‘-எஃப்நோ-ஆட்டோமேட்டிக்’, இன்டெலில் ‘-சேவ்’. அதைப் போட்டதும் விடை சரியாகிவிட்டால் நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. பிறகு எந்த சப்ரூட்டீன் என்று தேடி, அந்த மாறிக்கு மட்டும் சேவ் போட்டு, அந்த ஆப்ஷனை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டுவைத்தால் ஓபன்எம்பியில் பல திரெட்கள் ஒரே இடத்தில் எழுதும் ஆபத்து உண்டு.

மதிப்பே கொடுக்காமல் பயன்படுத்தப்படும் மாறிகளைப் பிடிக்க ஜிஃபோர்ட்ரானில் ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. ‘-எஃப்இனிட்-ரியல்=எஸ்நான்’ என்று போட்டால் உள்மாறிகளில் தொட்டால் கத்தும் மதிப்பு ஒன்றை நிரப்பி வைக்கும், கூடவே ‘-எஃப்எஃப்பிஇ-டிராப்=இன்வேலிட்,ஜீரோ,ஓவர்ஃபுளோ’ போட்டால் அப்படித் தொடும் அந்த வரியிலேயே நிரல் நின்றுவிடும். ‘-ஜி’, ‘-எஃப்பேக்டிரேஸ்’ இரண்டையும் சேர்த்தால் வரி எண் கிடைக்கும். அந்தப் பட்டியலில் அண்டர்ஃபுளோவைச் சேர்க்காதீர்கள், மிகச் சிறிய செறிவுகளைக் கணக்கிடும் எந்த நிரலிலும் அது இயல்பாக நடந்துகொண்டே இருக்கும், தேவையில்லாமல் நிறுத்திவிடும். ஓடும்போது அலொகேட் செய்யும் அரேக்களை (எண் அடுக்குகளை) இந்த முறை நிரப்பாது, அவற்றுக்கு வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும், மெதுவாகத்தான் போகும், இரவில் விட்டுவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் என்ஏஜி மற்ற எல்லாவற்றையும் விட மேல். அதன் ‘-சி=அண்டிஃபைன்ட்’ அரேக்களின் ஒவ்வொரு உறுப்புக்கும் மதிப்பு வந்துவிட்டதா என்று பார்க்கும், ஆனால் நிரலோடு சேரும் எல்லாவற்றையும் அதே ஆப்ஷனோடு கம்பைல் செய்திருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அதன் உரிமம் இருந்தால் பயன்படுத்தாமல் விடாதீர்கள்.

அரே எல்லை சோதனை பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ‘-எஃப்செக்=ஆல்’, இன்டெலில் ‘-செக் ஆல்’. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 77 காலத்தில் அரேயின் நீளத்தை 1 என்று பொய்யாக அறிவித்துவிட்டு முழு அரேயையும் பயன்படுத்துவது பழக்கம், அதையெல்லாம் இந்தச் சோதனை பிழை என்று சொல்லும் அளவுக்குக் கண்டிப்பாக இருக்கும். அந்த 1-ஐ நட்சத்திரக் குறியாக மாற்றிவிட்டால் போதும். அலுப்பான வேலைதான், ஆனால் முடித்த பிறகு வரும் ஒவ்வொரு எல்லைப் பிழையும் உண்மையான பிழை.

இன்னொரு பழைய வழக்கம், சப்ரூட்டீனுக்கு 1 என்ற எண்ணை நேரடியாக அனுப்பி, உள்ளே அந்த ஆர்க்யுமென்டையே மாற்றி எழுதுவது. அந்தக் காலத்தில் சில கணினிகளில் அதற்குப் பிறகு நிரல் முழுக்க 1 என்பதன் மதிப்பே மாறிவிடும். இப்போது மாறிலிகள் படிக்க மட்டும் முடிந்த நினைவகத்தில் இருப்பதால் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்து நின்றுவிடும். நிற்பதே நல்லது.

2020-இல் ஜிசிசி 10 வந்தபோது நிறையப் பேருடைய நிரல் ஒரே நாளில் கம்பைல் ஆகாமல் போயிற்று. ஒரே சப்ரூட்டீனை ஓரிடத்தில் அரேயோடும் இன்னோரிடத்தில் தனி மாறியோடும் அழைப்பது, ஓரிடத்தில் இன்டிஜரோடும் இன்னோரிடத்தில் ரியலோடும் அழைப்பது, இதெல்லாம் அதுவரை எச்சரிக்கையாக இருந்தது, அந்தப் பதிப்பிலிருந்து எரர். பழைய எம்பிஐ (ஒரே வேலையைப் பகிரும் பல நிரல்களுக்கிடையே தகவல் அனுப்பும் முறை) அழைப்புகள் உள்ள நிரல்களில் இது கொத்துக் கொத்தாக வந்தது. ‘-எஃப்அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச்’ போட்டால் மறுபடி எச்சரிக்கையாகிவிடும், இதைத்தான் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். நானும் போடுவேன், ஆனால் அந்த எரர் பட்டியலை ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான். எங்கள் பட்டியலில் பெரும்பாலானவை வேலை அரேயை இரண்டு வகையாகப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய தந்திரம், பாதகமில்லை. ஒன்றில் மட்டும் டபுள் பிரிசிஷன் (8 பைட் எண்) எதிர்பார்க்கும் இடத்துக்கு சிங்கிள் (4 பைட்) போய்க்கொண்டிருந்தது. அது அரிதாக அழைக்கப்படும் ஒரு எல்லை நிபந்தனை, அதனால்தான் அத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

துல்லியம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டபுள் பிரிசிஷன் மாறி ஒன்றுக்கு 0.1 என்று எழுதினால் அதில் போய்ச் சேர்வது 0.10000000149011612. ஏனென்றால் 0.1 என்பது சிங்கிள் பிரிசிஷன் மாறிலி, முதலில் அது ஏழு இலக்கத் துல்லியத்தில் உருண்டு, பிறகுதான் பெரிய பெட்டிக்கு மாறுகிறது. 0.1-க்குப் பின்னால் டி0 என்று சேர்த்து எழுத வேண்டும். பழைய நிரலில் இப்படி ஆயிரம் இடம் இருக்கும், எல்லாவற்றையும் கையால் திருத்துவதை விட ஒரு ஆப்ஷன் போட்டுவிடலாம் என்று தோன்றும். இன்டெலில் ‘-ஆர்8’ போட்டால் சாதாரண ரியல் எல்லாம் 8 பைட் ஆகும், டபுள் அப்படியே இருக்கும். ஜிஃபோர்ட்ரானில் ‘-எஃப்டிஃபால்ட்-ரியல்-8’ போட்டால் ரியல் 8 பைட் ஆவதோடு டபுள் பிரிசிஷன் 16 பைட் ஆகிவிடும். 16 பைட் கணக்கை சாதாரண பிராசசர் நேரடியாகச் செய்யாது, மென்பொருள்தான் செய்யும், நிரல் ஆமை வேகத்தில் போகும், டபுளை எதிர்பார்க்கும் லாபேக்குக்குத் தவறான அளவும் போய்ச்சேரும். கூடவே ‘-எஃப்டிஃபால்ட்-டபுள்-8’ போட்டால்தான் இன்டெலில் நடப்பது இங்கும் நடக்கும். ஒரே நோக்கம், ஒரே மாதிரிப் பெயர், இரண்டு வேறு விளைவு. மேக்ஃபைலில் கம்பைலர் பெயரை மாற்றும்போது ஆப்ஷன்களின் கையேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய தரவு ஃபைல்களும் கம்பைலரோடு கட்டுண்டவை. அன்ஃபார்மேட்டட், அதாவது பைனரி ஃபைலில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னும் பின்னும் அதன் நீளத்தை 4 பைட்டில் எழுதி வைப்பது ஜிஃபோர்ட்ரான், இன்டெல் இரண்டுக்கும் பொதுவான பழக்கம். தரநிலை இதைக் கட்டாயப்படுத்தவில்லை, அவரவர் வழக்கம்தான். எங்களிடம் ஒரு பழைய யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷனில் எழுதப்பட்ட ஆரம்ப நிலை ஃபைல்கள் இருந்தன, புதிய கணினியில் படிக்கப் போனால் முதல் ரீடிலேயே நின்றுவிடும். ஹெக்ஸ்டம்ப்பில் திறந்து பார்த்தால் முதல் நான்கு பைட்டுகள் 00 00 03 20. அது 800, அதாவது நூறு டபுள் எண்கள், நிரல் படிக்க நினைப்பதும் அதேதான். ஆனால் அந்தக் கணினி பெரிய பைட்டை முதலில் எழுதும் வகை, நம் கணினி சிறியதை முதலில் படிக்கும் வகை, அதனால் இது படித்தது 53,70,67,520. அவ்வளவு பெரிய ரெக்கார்டைத் தேடிப் போய் ஃபைல் முடிந்துவிட்டது என்று சொன்னது. ஓபன் வரியில் கன்வெர்ட் என்ற இடத்தில் பிக் எண்டியன் என்று சேர்த்ததும் அத்தனையும் படித்துவிட்டது. இப்படி எந்த பைனரி ஃபைல் மக்கர் செய்தாலும் நிரலைத் திருத்தத் தொடங்கும் முன் முதல் 16 பைட்டைப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கும். டைரக்ட் ஆக்சஸ் ஃபைல் என்றால் இன்னொரு கண்ணி. ரெக்கார்டு நீளத்தை ஜிஃபோர்ட்ரான் பைட்டில் எண்ணும், இன்டெல் வழக்கமாக 4 பைட் வார்த்தைகளில் எண்ணும், ‘-அஸ்யூம் பைட்ரெக்ல்’ போட்டால்தான் பைட்டுக்கு வரும். இதைப் போடாமல் எழுதினால் ஃபைல் நான்கு மடங்கு பெரிதாகும், மற்ற கம்பைலரில் படிக்கும்போது இடையிடையே குப்பை வரும்.

பெரிய கட்டத்தில் ஓட்டத் தொடங்கியதும் ஒரு காரணமும் சொல்லாமல் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் முதலில் ஸ்டாக் அளவைச் சந்தேகியுங்கள். லினக்ஸில் வழக்கமான எல்லை 8 எம்பி. ‘யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்’ போட்டு ஓட்டிப் பாருங்கள், ஓடிவிட்டால் அதுதான். இன்டெலில் ‘-ஹீப்-அரேஸ்’ போட்டால் தற்காலிக அரேக்களை ஹீப் என்ற பொது நினைவகத்துக்குத் தள்ளிவிடும். ஓபன்எம்பி போட்டால் ஜிஃபோர்ட்ரான் உள் அரேக்களை ஸ்டாக்கில் வைக்கத் தொடங்கும் என்பதால், ஓபன்எம்பி இல்லாமல் நன்றாக ஓடிய நிரல் அதைப் போட்டதும் விழும். ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி ஸ்டாக், அதற்கு ஓஎம்பி ஸ்டாக்சைஸ் என்ற சூழல் மாறியைக் கூட்ட வேண்டும், யூலிமிட் மட்டும் போதாது.

இரண்டு கம்பைலர் வைத்துக்கொள்வதில் ஒரு சங்கடமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாட்யூல்களைக் கம்பைல் செய்யும்போது உருவாகும் மாட் ஃபைல்கள் அந்தந்தக் கம்பைலருக்கே சொந்தம், ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்காது, ஜிஃபோர்ட்ரானின் வெகுநாள் இடைவெளியுள்ள இரண்டு பதிப்புகளுக்குள்ளேயே சில சமயம் படிக்காது. ஆகவே நெட்சிடிஎஃப் போன்ற நூலகங்களின் ஃபோர்ட்ரான் பகுதியைக் கம்பைலருக்கு ஒன்றாகத் தனித்தனி டைரக்டரியில் கட்டி வைக்க வேண்டும். பெரிய கிளஸ்டர்களில் மாட்யூல் லோடு முறை இதைப் பார்த்துக்கொள்ளும். சொந்தக் கணினியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொண்டால் ஒருமுறை பட்ட பாடு அதோடு முடிந்தது.

இப்போது வேகம். ஜிஃபோர்ட்ரான் ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் ஆப்டிமைசேஷனே செய்யாது, இன்டெல் கொடுக்காவிட்டாலும் ‘-ஓ2’ செய்யும். இரண்டையும் வெறுமனே ஓட்டிவிட்டு இன்டெல் பல மடங்கு வேகம் என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ‘-ஓ2’ அல்லது ‘-ஓ3’ போட்டு ஒப்பிடுங்கள், எங்கள் நிரலில் வித்தியாசம் அதற்குப் பிறகு பேசும் அளவுக்கு இல்லை. நேரத்தை விழுங்குவது எங்கே என்று பெர்ஃப், ஜிப்ரோஃப் போன்ற நேரம் அளக்கும் கருவியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு தீர்வி, இரண்டு லூப்தான். ஃபோர்ட்ரானில் அரேயின் முதல் குறியீடுதான் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும், அது உள் லூப்பில் ஓட வேண்டும். எங்கள் நிரலில் சி பழகியவர் ஒருவர் சேர்த்த பகுதியில் இது தலைகீழாக இருந்தது, இரண்டு டூ வரிகளை இடம் மாற்றியதில் கிடைத்த லாபத்தை எந்தக் கம்பைலரும் கொடுக்கவில்லை. கைப்பட எழுதிய மேட்ரிக்ஸ் வேலைகளுக்குப் பதில் ஓபன்பிளாஸ், எம்கேஎல் போன்ற தயார் நூலகம் ஒன்றை இணைப்பதும் அப்படித்தான்.

‘-ஓஃபாஸ்ட்’, ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’ பக்கம் போகும்போது கவனம் வேண்டும். கணக்கில் ‘நான்’ (NaN, எண்ணே அல்லாத மதிப்பு) வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும், அதனால் எக்ஸ் எக்ஸுக்குச் சமமாக இல்லாவிட்டால் நிறுத்து என்று பழைய நிரல்களில் இருக்கும் பாதுகாப்பு வரியையே நீக்கிவிடும். நிரல் வெடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். ‘-மார்ச்=நேட்டிவ்’ வேகம் தரும், ஆனால் அங்கே கட்டிய நிரலைப் பழைய கணினிக்குக் கொண்டு போனால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று விழும், தவிர பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்யும் கட்டளைகள் வருவதால் கடைசி இலக்கங்கள் மாறும். இன்டெல் வழக்கமாகவே கணக்கின் வரிசையைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும், ‘-எஃப்பி-மாடல் பிரிசைஸ்’ போட்டால்தான் அடங்கும். நான் இரண்டு கம்பைலரையும் ஒப்பிடும்போது அதைப் போட்டுத்தான் ஒப்பிடுவேன். பத்து, பன்னிரண்டு இலக்கம் வரை ஒத்துப்போனால் நிம்மதி. மூன்றாவது இலக்கத்திலேயே பிரிந்தால் கம்பைலரைக் குறை சொல்லாமல் நிரலுக்குள் தேடுவேன், அப்படித் தேடிய போதெல்லாம் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று அகப்பட்டிருக்கிறது.

புதிதாக எங்கள் குழுவில் சேரும் பிள்ளைகள், “அண்ணா, எதை இன்ஸ்டால் பண்றது?” என்று கேட்டால் ஜிஃபோர்ட்ரானை முதலில் போட்டு, சோதனை ஆப்ஷன்கள் எல்லாம் திறந்த ஒரு பில்டும், ‘-ஓ2’ மட்டும் போட்ட ஒரு பில்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு சிறிய, விடை தெரிந்த மாதிரிக் கணக்கு இரண்டிலும் ஒத்துப்போன பிறகு ஐஎஃப்எக்ஸைப் போட்டு அதே கணக்கை ஓட்டச் சொல்வேன். ஃபிளாங்கை மூன்றாவதாக வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், மற்ற இரண்டும் வாய் திறக்காத சில இடங்களில் அது பேசுகிறது. பைத்தானிலிருந்து அழைக்க விரும்புபவர்களுக்கு எஃப்2பை இருக்கிறது, பைத்தான் 3.12-லிருந்து அது உள்ளே மெசான் என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துவதால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக எழுதும் எந்த ஃபைலிலும் முதல் வேலையாக இம்ப்ளிசிட் நன் போடுங்கள், இல்லாவிட்டால் ஐ முதல் என் வரை தொடங்கும் பெயர்கள் எல்லாம் சொல்லாமலே இன்டிஜராகிவிடும், ஒரு எழுத்துப் பிழை புது மாறியாகிவிடும். பழைய ஃபைல்களில் நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதும்.

கடைசியாக ஒன்று, இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஃபோர்ட்ரான் 2008-இல் ஐஎஸ்ஓ ஃபோர்ட்ரான் என்வ் என்ற மாட்யூலுக்குள் கம்பைலர் வெர்ஷன், கம்பைலர் ஆப்ஷன்ஸ் என்று இரண்டு ஃபங்ஷன்கள் வந்தன. நிரல் தொடங்கும்போது அந்த இரண்டையும் வெளியீட்டு ஃபைலின் தலையில் எழுதிவிடுங்கள், இரண்டே வரி. சமீபத்தில் ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு பேரிடம் இரண்டு விடை வந்தது, இருவருமே தங்களுடையதுதான் சரி என்று உறுதியாக இருந்தார்கள். இரண்டு ஃபைல்களின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும், ஒன்றில் ‘-எஃப்ஃபாஸ்ட்-மேத்’ இருந்தது தெரிந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள், இரண்டும் ஒத்துப்போயின.